வெளிமானுக்கு ஒரு வெளி

நுழையும்முன்

மாநகரத்தின் நடுவே ஒரு காடு இருக்கிறது. அதன் மதிற்சுவரை ஒட்டிய சாலையில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் கடந்து செல்கின்றனர். உள்ளே வாழும் உயிர்களை அறிந்தவர் சிலரே. இயற்கையைக் கண்டு மகிழ்வதற்கும் அதைக் காப்பதற்கும் உள்ள உறவு என்ன? சென்னையின் கிண்டிக் காட்டையும் அதன் அண்டை நிலங்களையும் முன்வைத்து இக்கட்டுரை அதைச் சிந்திக்கிறது.

சுவருக்கு அப்பால்

அடையாற்றிலிருந்து கிண்டி நோக்கிச் செல்லும் சர்தார் பட்டேல் சாலை, சென்னையின் நெரிசல் மிகுந்த சாலைகளுள் ஒன்று. காலை ஒன்பது மணிக்கு அச்சாலையில் பேருந்துகள் ஊர்ந்தே செல்லும். சன்னலோரம் இடம் கிடைத்தவர் இடப்பக்கம் திரும்பினால் நீண்ட மதிற்சுவர் தெரியும்; சுவருக்கு மேலே மரங்கள் தலைநீட்டும். ஒலிப்பான்களின் இரைச்சல் எட்டும் தொலைவிலேயே, அச்சுவருக்கு அப்பால் நரியும் புனுகுப்பூனையும் கீரியும் முயலும் வாழ்கின்றன. புள்ளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. முறுக்கிய கொம்புகளுடன் வெளிமான் ஒன்று புல்வெளியில் தலைநிமிர்ந்து நிற்கிறது.

கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். நீலகிரியின் முதுமலைக் காட்டுப் பரப்பான 321 சதுர கிலோமீட்டருடன் ஒப்பிட்டால், அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் 350க்கும் மேற்பட்ட தாவர வகைகளும் 130க்கும் மேற்பட்ட பறவை வகைகளும் இங்குப் பதிவாகியுள்ளன.

காடு என்றதும் வானளாவிய மரங்களையும் அருவியையும் எதிர்பார்த்து வருபவர் இங்கே ஏமாற்றம் அடைவர். இது கடற்கரைச் சமவெளிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு. சென்னையின் மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களின் வெயிலையும் கடற்காற்றையும் தாங்கியே இங்குள்ள செடிகொடிகள் வாழவேண்டும். ஆகவே மரங்கள் உயரத்தை நாடாமல் அடர்ந்து வளர்கின்றன, இலைகள் சிறுத்தும் தடித்தும் இருக்கின்றன, முட்கள் மிகுதி. குருந்தும் விளாவும் வேம்பும் வளரும் இக்காட்டில், அடர்ந்த புதர்களுக்கு இடையிடையே திறந்த புல்வெளிகள் உண்டு. இக்காட்டின் தனிச்சிறப்பே அப்புல்வெளிகளில்தான் இருக்கிறது.

பெயரே நிலம் காட்டும்

உயிர்களுக்குப் பெயரிட்ட முன்னோர், அவை வாழும் இடத்தையும் பல வேளைகளில் அப்பெயருக்குள் வைத்துச் சென்றுள்ளனர். 'வெளிமான்' என்னும் பெயர் அத்தகையது. வெளியில், அதாவது மறைப்பற்ற திறந்த நிலத்தில் வாழும் மான் என்பது அதன் பொருள். இதன் மற்றொரு பெயர் புல்வாய். தொல்காப்பிய மரபியல், புல்வாயின் ஆணுக்கு இரலை, கலை என்னும் பெயர்களும், அதன் இளமைக்கு மறி என்னும் பெயரும் உரியன எனக் குறிக்கிறது. சங்கப் பாடல்களின் முல்லை நிலத்தில் இரலையும் அதன் பிணையும் மீண்டும் மீண்டும் வருகின்றன. பேருந்துச் சன்னலுக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருப்பது, தமிழ் இலக்கியத்தோடு ஈராயிரம் ஆண்டு உறவுடைய ஓர் உயிர்.

முதிர்ந்த இரலையின் முதுகு கருமை படர்ந்தது, வயிறு வெண்மையானது, கொம்புகள் திருகியவை. பிணை மணல்நிறம் உடையது, கொம்பற்றது. ஆபத்து நேர்ந்தால் புதருக்குள் மறைந்துகொள்வது இம்மானின் இயல்பன்று. எட்டிய தொலைவுவரை பார்ப்பதும், பகை கண்டால் வெட்டவெளியில் ஓடித் தப்புவதுமே அதன் வாழ்முறை. மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் அதனால் ஓட முடியும். அந்த ஓட்டத்திற்குத் தடையற்ற நிலம் வேண்டும். அந்தக் கண்களுக்கு மறைப்பற்ற பார்வை வேண்டும். புதரும் மரமும் புல்வெளியை மூடினால், புள்ளிமான் நிழலில் ஒதுங்கி வாழ்ந்துகொள்ளும். வெளிமானுக்கோ வாழிடம் குறைந்துபோகும்.

மரம் நடுவது நல்லது என்பது பள்ளிக் குழந்தையும் அறிந்த உண்மை. ஆனால் எங்கே நடுவது என்னும் வினா அதைவிட இன்றியமையாதது. புல்வெளியின் நடுவே நன்னோக்கத்துடன் நடப்படும் மரக்கன்றுகூட, வளர்ந்து தோப்பானபின் வெளிமானின் நிலத்தைப் பறித்துவிடக்கூடும். ஓர் உயிரின் மீது அன்பு இருந்தால் மட்டும் போதாது. அதன் தேவையும் தெரிந்திருக்கவேண்டும்.

காலியிடம் என்னும் சொல்

நகரத்தின் கண்களுக்குத் திறந்த நிலம் வெறும் இடமாகவே தெரிகிறது. 'காலியிடம்' என்று அதற்குப் பெயர் சூட்டிவிட்டால், அடுத்து அதை எதனால் நிரப்புவது என்பதே கேள்வியாகிவிடும். அங்கே யார் வாழ்கின்றனர் என்னும் கேள்வி எழுவதே இல்லை.

ஒரு நூற்றாண்டுக்கு முன் மயிலாப்பூரைச் சுற்றிப் புதர்க்காடு இருந்தது என்றால் இன்று நம்புவது கடினம். தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1912ஆம் ஆண்டு பிறந்த அவர், மயிலாப்பூரில் வளர்ந்தார். அவருடைய சிறுவயதில் அப்பகுதியில் பறவைகள் நிறைந்திருந்தன; நரிகள் திரிந்தன; வெளிமான்களும் இருந்தன. பின்னாளில் நாடறிந்த இயற்கையியலாளராக அவர் உருவானதற்கு, வீட்டைச் சுற்றியிருந்த அந்தத் திறந்த நிலமே முதல் பாடசாலை.

அந்நிலங்கள் ஒவ்வொன்றாக மாறின. 1920களில் தியாகராய நகர் உருவாகத் தொடங்கியபோது, அப்பகுதியில் நீண்டு கிடந்த பெரிய ஏரியின் நீர்ப்பரப்பு மனைகளாகவும் தெருக்களாகவும் ஆனது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' என்னும் பெயர் மட்டும் இன்றும் இருக்கிறது. அச்சாலையில் நின்று பார்ப்பதற்கு ஏரி இல்லை. தென்சென்னையின் பள்ளிக்கரணையில் பரந்திருந்த சதுப்புநிலமும் இவ்வாறே பயனற்ற நிலமாகக் கருதப்பட்டது, குப்பை கொட்டும் இடமானது, கட்டடங்களால் சுருங்கியது. மழைநீரைத் தேக்கி வெள்ளத்தைத் தணிக்கும் அதன் பணி பிற்காலத்தில்தான் பலருக்கும் புரிந்தது. எஞ்சியிருக்கும் பகுதி 2022ஆம் ஆண்டு பன்னாட்டு முதன்மை வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

காடு சுருங்கிய வரலாறு

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் மறைந்துபோன திறந்த நிலம் கிண்டியில் மட்டும் ஓரளவு எஞ்சியது எவ்வாறு? அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் இக்காடு ஓர் ஆங்கிலேயருக்கு உரிமையாக இருந்தது. 1821ஆம் ஆண்டு அரசு அதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு ஏறத்தாழ 505 ஹெக்டேர். ஆளுநர் மாளிகையைச் சூழ்ந்த காடாக இருந்தமையால் நகரம் அதை உடனே நெருங்கவில்லை.

விடுதலைக்குப் பின் நாட்டிற்குக் கல்வி நிறுவனங்கள் தேவைப்பட்டன. 1958இல் காட்டின் ஒரு பகுதி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அமைப்பதற்காக வழங்கப்பட்டது. குழந்தைகள் விலங்குகளைக் கண்டு மகிழ்வதற்காக மற்றொரு பகுதியில் மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் தோன்றின. தலைவர்களின் நினைவிடங்களுக்கும் நிலம் ஒதுக்கப்பட்டது. 1961க்கும் 1977க்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ 172 ஹெக்டேர் பல்வேறு துறைகளின் கைக்குச் சென்றது. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 270 ஹெக்டேர்.

இவ்வரலாற்றில் பழி சுமத்துவதற்குரியவர் எவரும் இலர். கல்விக்கூடம் தீயதன்று; நாட்டுக்கு உழைத்த தலைவரை நினைவுகூர்வதும் தவறன்று. ஒவ்வொரு முறையும் காரணம் நல்லதாகவே இருந்தது. அந்த நல்ல காரணங்கள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், காட்டில் ஏறத்தாழப் பாதி இல்லாமற் போயிருந்தது. காட்டை அழிக்கவேண்டும் என்று ஒருவரும் எண்ணாமலே காடு சுருங்கிவிடும் என்பதற்குக் கிண்டியே சான்று.

1980களின் இறுதியில் பூங்காவுக்கும் அண்டை வளாகங்களுக்கும் இடையே சுவர்கள் எழுந்தன. ஒரே நிலத்தில் உலவிய மான்கள் சுவர்களுக்கு இருபுறமும் பிரிந்தன. வளாகங்களின் புல்வெளிகளில் மேயும் மான்கள் மக்களோடு நெருங்கி வாழ்கின்றன. அந்நெருக்கத்தின் தீங்குகளையும் அவையே சுமக்கின்றன. உணவு எச்சம் ஒட்டிய நெகிழிப் பைகளை மான்கள் தின்றுவிடுகின்றன. அசைபோடும் விலங்கின் வயிற்றில் நெகிழி செரிப்பதும் இல்லை. எளிதில் வெளியேறுவதும் இல்லை. அது வயிற்றை அடைத்துக்கொள்ள, விலங்கு பசியோடு மெலிந்து இறக்கிறது. எறிந்தவருக்கு ஒரு நொடிச் செயல். மானுக்கு அது வாழ்வின் முடிவு.

பார்த்தல் ஒரு பயிற்சி

இத்தகைய காட்டைத் துய்ப்பது எவ்வாறு? பொதுமக்கள் சிறுவர் பூங்காவிற்கு எளிதாகச் செல்லலாம். காட்டின் உட்பகுதிக்கு வனத்துறையின் இசைவு வேண்டும். எங்குச் சென்றாலும், காண்பதற்குக் கண்கள் பழகியிருக்கவேண்டும். மூடுந்தின் வேகத்தில் வருபவருக்குக் காடு எதையும் காட்டாது. வைகறையில் சென்று, ஓரிடத்தில் கால்மணி நேரம் அசையாமல் அமர்ந்தால், முதலில் ஒலிகள் பிரியத் தொடங்கும். இரட்டைவால் குருவியின் கூவலும் செம்மார்புக் குக்குறுவானின் இடைவிடாத தட்டொலியும் வேறுவேறாகக் கேட்கும். பிறகு அசைவுகள் புலப்படும். சருகு என்று எண்ணியது கட்டைவிரல் அளவுள்ள ஓணானாக மாறும். மரக்கிளையின் முண்டு கண்விழித்து ஆந்தையாகும்.

மா. கிருஷ்ணன் இப்பயிற்சியில் வாழ்நாளைச் செலவிட்டவர். 1950இல் கொல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி, 1996இல் அவர் மறையும்வரை தொடர்ந்து வெளிவந்தது. யானையைப் பற்றியும் புலியைப் பற்றியும் எழுதியவர், வீட்டுக் கொல்லையின் காகத்தையும் அணிலையும் அதே கூர்மையுடன் எழுதினார். கருப்பு வெள்ளையில் அவர் எடுத்த ஒளிப்படங்கள் புகழ்பெற்றவை. தமிழிலும் இயற்கைக் கட்டுரைகள் எழுதினார். 1960இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பெருங்காட்டிற்குச் செல்ல வாய்ப்பில்லாதவரும் இயற்கையை அறியலாம் என்பதற்கு அவருடைய எழுத்தே சான்று. தேவைப்படுவது பொறுமையும், கண்டதை உடனே எழுதிவைக்கும் ஒரு குறிப்பேடும்.

காட்டில் நடந்துகொள்ளும் முறையும் இப்பயிற்சியின் ஒரு பகுதியே. உரத்துப் பேசாமை, பளிச்சிடும் உடை தவிர்த்தல், உணவு கொடாமை ஆகியவை விலங்குகளின் நலனுக்காக மட்டும் சொல்லப்படுவன அல்ல. குரங்கிற்கு ஒரு வாழைப்பழம் நீட்டுபவர், அதன்பின் குரங்கின் இயல்பைக் காண்பதில்லை; தம்மிடம் கையேந்தும் பழக்கத்தையே காண்கிறார். மானை அருகழைத்துத் தற்படம் எடுப்பவர், மான் ஓடும் அழகை இழக்கிறார். விலகி நிற்பவருக்கே காடு தன்னை முழுமையாகக் காட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஆறுமணிக் குருவி: இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் இப்பறவை, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. பச்சை, நீலம், செம்மை, கருமை, வெண்மை எனப் பல நிறங்கள் கொண்டது. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. தரையில் சருகுகளைப் புரட்டிப் பூச்சிகளைத் தேடி உண்ணும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் சென்னையின் மரம் செறிந்த தோட்டங்களிலும் இதைக் காணலாம்.

இரவுக் கடற்கரை

புல்வெளியைப் போலவே கடற்கரை மணலும் நகரத்தின் கண்களுக்குக் காலியிடமாகத் தெரிவது. கிண்டிக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெசன்ட் நகர்க் கடற்கரை, மாலைவேளையில் மக்கள் கூடும் பொழுதுபோக்கிடம். கூட்டம் கலைந்து நள்ளிரவு நெருங்கும்போது அம்மணலுக்கு வேறு விருந்தினர் வருகின்றனர். தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடுவதற்காகக் கரையேறுகின்றன. தாய் ஆமை பின்துடுப்புகளால் குழி தோண்டி, நூறு முட்டைகள் அளவில் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. தன் குஞ்சுகளை அது பார்ப்பதே இல்லை. ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில், மணலின் வெப்பத்திலேயே முட்டைகள் பொரிகின்றன.

வெளிவரும் குஞ்சுகள் ஒளிமிகுந்த திசை நோக்கி நகரும் இயல்புடையன. இயற்கையில் அந்த ஒளி, விண்மீன்களின் கீழ்த் திறந்து கிடக்கும் கடலின்மேல் தெரிவது. நகரம் வளர்ந்தபின் தெருவிளக்குகளின் ஒளி கடலைவிட மிகுந்தது. குஞ்சுகள் திசைமாறிச் சாலைப்பக்கம் நகர்ந்து, நாய்களுக்கு இரையாயின, வெயிலில் உலர்ந்தன. இந்நிலையை மாற்றச் சென்னை மாணவர்கள் முன்வந்தனர். 1988ஆம் ஆண்டு அவர்களால் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு உருவானது. ஆமைகள் முட்டையிடும் காலத்தில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான கடற்கரையில் அவர்கள் இரவுதோறும் நடக்கின்றனர். ஆமையின் தடம் பார்த்து முட்டைக்குழியைக் கண்டறிந்து, முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்திற்கு மாற்றுகின்றனர். குஞ்சுகள் வெளிவந்ததும் கடலோரத்தில் விடுகின்றனர்.

அந்நடையில் களைப்பு உண்டு, உறக்கம் கெடும், பல இரவுகளில் ஓர் ஆமையும் தென்படாது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதைக் கைவிடவில்லை. அலைகளின் ஓசை மட்டுமே கேட்கும் இருளில் நடப்பதும், உள்ளங்கையளவுகூட இல்லாத ஓர் உயிர் முதல் அலையில் மறைவதைப் பார்ப்பதும் வேறெங்கும் கிடைக்காத இன்பங்கள். இங்கே மகிழ்தலும் காத்தலும் ஒரே செயலாகிவிடுகின்றன.

விட்டுவைத்தலும் ஒரு செயலே

இழந்ததில் ஒரு பகுதியை மீட்கவும் முடியும். அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய உப்பங்கழி நெடுங்காலம் கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டும் இடமாகக் கிடந்தது. அதில் 58 ஏக்கர் பரப்பு சீரமைக்கப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. குப்பை அகற்றப்பட்டு, நீர் நிற்க வழிசெய்யப்பட்டு, மண்ணுக்குரிய செடிகள் நடப்பட்டன, மீன்கள் பெருகின, பறவைகள் அவற்றைத் தேடி வந்தன. உயிர்களின் மரபுப் பெயர்களை வகுத்துச் சொன்ன நூலின் பெயரை அப்பூங்கா தாங்கியிருப்பது பொருத்தமே.

ஆயினும் மீட்பதைவிட விட்டுவைப்பது எளிது. ஒரு நிலத்தை நிரப்பாமல் விட்டுவைப்பதும் மனிதர் செய்யும் செயல்தான். அதற்கு அந்நிலத்தில் வாழ்வோரை அறிந்த மக்கள் வேண்டும். ஏரியின் பறவைகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர் பலர் இருந்திருந்தால், அது மனைகளாக மாறியபோது ஒரு குரலாவது எழுந்திருக்கும். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத ஊர், சுவர் இன்னும் சிறிது உள்ளே நகர்ந்தாலும் அறியாது.

ஆகவே, விடுமுறை நாளின் விடியலில் காட்டோரம் அமர்ந்து ஒரு பறவையின் பெயரைக் கற்றுக்கொள்ளும் மாணவர், பொழுதை மட்டும் போக்கவில்லை. அந்நிலத்திற்குரிய சாட்சிகளுள் ஒருவராகிறார். கிண்டியின் புல்வெளியில் இவ்வாண்டும் மறிகள் பிறக்கும். தாயின் பின்னே துள்ளி ஓடப் பழகும். வெளிமான் என்னும் பெயரைத் தமிழ் நெடுங்காலமாகக் காத்து வந்திருக்கிறது. அப்பெயருக்குப் பொருளாக விளங்கும் வெளியைக் காப்பது, அம்மொழியைக் கற்போரின் கடமை.